இருபத்திரண்டாம் பக்கம்

இருபத்திரண்டாம் பக்கத்தை மான் தின்றுவிட்டது.
பொய்யில்லை. திருகோணமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே,
கொத்துரொட்டி சுற்றிவந்த தாளை முடித்துவிட்டு
என் மடிக்கட்டில் மேலே கிடந்ததை இழுத்தது.
கண்ணை என்னில் வைத்தபடியே மென்றது.

அதில்தான் இன்பராசா மன்னிப்புக் கேட்டான்.
பதினேழு வரி.
கடல் வரும், விதி வரும், செத்துப்போன தாய் வருவாள்.
உப்புவெளி ஹோட்டலின் வரவேற்பு மேசையில்
மூன்று கிழமை இரவு வேலைக்கு நடுவே எழுதியது,
வெள்ளைக்காரர் பிழையாக நிரப்பிய
பதிவுப் படிவங்களின் முதுகில்.

*காட்சி 14. உள். ஐஸ் வாடி. விடிகாலை.*

ஞாயிறு ஒத்திகை.
"வசனம் எங்க?" என்றான் ரியாஸ்தீன்.
ஆட்டோவை வெயிலில் விட்டுவிட்டு வந்திருந்தான்.
"மான் திண்டிட்டுது."
"அப்ப நான் என்ன செய்யிறது?"
"தெரியேல்ல. சும்மா நில்."

நின்றான்.
துஷ்யந்தினியாக வந்த றெஜினா
பிளாஸ்க்கைத் திறந்தாள்.
இரண்டு கோப்பை.
தன்னுடையதில் சீனி போட்டுக் கலக்கினாள்,
மற்றதை அப்படியே தள்ளிவிட்டாள்,
அவன் பக்கம் பார்க்காமல்.
அவன் கோப்பையைப் பார்த்தான்.
பிறகு அவளுடைய கரண்டியை.
குடித்தான்.

ஒருவரும் பேசவில்லை.
கமராக்காரப் பெடியன் தொண்டையைச் செருமினான்.

"சீனி போட மறந்திட்டீர்" என்றேன் நான்.
"மறக்கேல்ல. அவனுக்குச் சீனி வருத்தம் எண்டு
எட்டாம் பக்கத்தில நீர்தானே எழுதினனீர்?"

நான் எழுதியது எனக்கே நினைவில் இல்லை.
அவனை வீட்டை விட்டுத் துரத்தியவளுக்கு
நினைவிருக்கிறது.

அன்றிரவு மேசை விளக்கடியில் எண்ணிப் பார்த்தேன்.
துஷ்யந்தினிக்கு நூற்று நாற்பது வரி,
எல்லாம் கூர், எல்லாம் கைதட்டலுக்கு.
இன்பராசாவுக்கு "ம்."
"சரி."
"பிறகு பாப்பம்."
அப்புறம் ஒரேயடியாகப் பதினேழு வரி அழுகை.
அது அவன் குரலே இல்லை.
ஒருவர் என்னிடம் சொல்லாமல் போனது.
அவர் இப்போது மன்னாரில், வேறு வீட்டில்.
நான் அவரைக் கொண்டுவந்து ஐஸ் வாடியில் நிறுத்தி
வாயில் தாளைத் திணித்திருக்கிறேன்.

சரி. அந்த விடிகாலையில் இன்பராசாவுக்கு என்ன வேணும்?
மன்னிப்பு அல்ல.
ஏழு மணி மூதூர்ப் படகில் நாலு பெட்டி ஐஸ் ஏறவேணும்.
பில் புத்தகம் அவளிடம்.
கையெழுத்து வேணும்.
அவ்வளவுதான் வந்த காரணம், அல்லது
அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம்.
உருகுகிறது. நேரமில்லை.
அவள் பேனையைத் தேடுகிறாள்.
பேனை அவள் கொண்டையில்.
அவனுக்குத் தெரியும்.
சொல்லாமல் நிற்கிறான்.

இதை எழுதும்போதுதான் இன்னொன்று பிடிபட்டது,
பிடிபட்டிருக்கக் கூடாது:
ஒன்பதாம் காட்சியில் காசு பற்றி
துஷ்யந்தினி சொன்னது பொய்.
அவன் சொன்னதுதான் சரி.
எனக்கு அவளில் கோபம் வந்தது.
கோபம் வந்த பிறகும் அவளை விடமுடியவில்லை.

மூன்று மணிக்கு ஒன்பதாம் அறைக்காரர்
துவாய் கேட்டு இறங்கி வந்தார்.
"எழுதுறியளோ?" என்றார். "கதையோ?"
"ரெண்டு பேர்" என்றேன்.
துவாயை எடுத்துக் கொடுத்தேன்.

புதிய இருபத்திரண்டில் வசனம் ஒன்றே ஒன்று.
"பெட்டி உருகுது."
அதை யார் சொல்வது என்று இன்னும் தீர்மானமில்லை.
காலையில் பஸ் ஸ்டாண்டால்தான் போகவேண்டும்.
கட்டைப் பொலித்தீன் பையில் போட்டு
இரண்டு முடிச்சுப் போட்டேன்.