எட்டுக்குப் பின் எதுவுமில்லை

காலை ஒன்பது மணி.
யாகூத்ஸ்கில் இன்னும் விடியவில்லை.
இருபத்தொரு ஜோடிக் கம்பளிக் காலணிகள்
வெந்நீர்க் குழாயோரம் ஈரம் உலர்த்துகின்றன.
இரண்டாம் வகுப்பு. இன்று ஏறுவரிசை.

சிறியது முன்னால், பெரியது பின்னால்
என்று பலகையில் எழுதிப் போட்டேன்.
எழுதுவது எளிது.

நாரியா எப்போதும் எட்டைக் கடைசியில் வைக்கிறாள்.
நூறே வந்தாலும் எட்டுக்குப் பின் எதுவுமில்லை.
வரும் மார்ச்சில் அவளுக்கு எட்டு வயது.
எர்ச்சிமுக்குப் பன்னிரண்டும் இருபத்தொன்றும்
ஒரே ஆள்தான்:
ஒருமுறை வீட்டுக்குள் வருகிறார்,
ஒருமுறை வெளியே போகிறார்.
சண்டாரா மையின் தடிமன் பார்த்து அடுக்குகிறாள்.
பேனா தீரும் நேரத்தில் நான் எழுதிய அறுபது, பாவம்,
மூன்றுக்கும் முன்னால் நின்றது.

அட்டையைக் கழுத்தில் மாட்டி நிற்கச் சொன்னால்
உயரப்படி நிற்கிறார்கள்,
இல்லையென்றால் சிநேகிதப்படி.
தள்ளிவிட்டவன் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று
முப்பத்தேழு அழுகிறது.
நாற்பதுக்குப் பின்னால் அதைச் சற்று நேரம் விட்டுவைத்தேன்.
கணக்கு பொறுத்துக்கொண்டது.

கெஸ்கிலுக்குக் கொடுத்தது நான்கு எண்கள்:
முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, ஒன்பது, நாற்பத்தைந்து.
நோட்டில் அவன் எழுதினான்:
ஐம்பத்திரண்டு
நாற்பத்தைந்து
முப்பத்தெட்டு
ஒன்பது.

"இது இறங்குது" என்றேன்.
"இல்ல, ஏறுது" என்றான்.
அழித்துக் கொடுத்தேன். மறுபடி அதே.
மூன்றாம் முறை, ஐம்பத்திரண்டுக்கு முன்னால்
சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.
என் தவறுக் குறி எப்போதும் அப்படித்தான்:
குட்டையாய், படுத்தபடி.
அவன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான்,
காயத்தைத் தொடுவது மாதிரி.

பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனான்.
கண்ணாடியில் படிந்த பனிமேல் உள்ளங்கையை வைத்து
கைக்கு வலிக்கும்வரை எடுக்கவில்லை.
கரைந்த ஓட்டைக்கு வெளியே, ஆணியில்,
வெப்பமானி.

"அம்பத்திரெண்டுன்னா
யாருக்கும் பள்ளிக்கூடம் இல்ல.
நாப்பத்தஞ்சுன்னா எனக்கு இல்ல,
அண்ணன் மட்டும் போகணும்.
முப்பத்தெட்டுன்னா அம்மா மீன்கடையில
முகத்தை மூடாம நிப்பா.
ஒம்பதுன்னா..."
எத்தனை மாதத்துக்கு முந்தியது, யோசித்தான்.
"ஒம்பதுன்னா கோட்டுப் பித்தானைத் திறந்துவிட்டு
ஓடலாம்."

ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அக்டோபரில் தொடங்கி ஏப்ரல்வரை
எண்ணுக்கு முன்னால் இருக்கிற அந்தச் சிறு கோட்டை
இந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
பேருந்து ஓட்டுநர் சொல்வதில்லை.
விறகு மாதிரி மீனை நிறுத்திவைத்து விற்கிறவர்கள்
சொல்வதில்லை.
காலையில் போனில் தங்கையிடம்
"நாற்பத்தொன்று" என்றேன்.
"நேற்றைக்கு இது தேவலை" என்றாள்.
இருவரும் ஏழு வயதில் கற்றதை
இருவருமே மறந்திருந்தோம்.

பாடநூலில் அந்தக் கோடு வர
இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.
நோட்டில் அது ஏற்கெனவே வந்துவிட்டது,
சிவப்பாக, என் கையால்,
ஐம்பத்திரண்டுக்குச் சரியாக முன்னால்.
அதை அழிக்கவில்லை.
மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று போட்டேன்.

"எனக்கு நாலு தப்பா?" என்றான் கெஸ்கில்.
பதில் சொல்ல வாயெடுப்பதற்குள்
நாரியா தன் அட்டையோடு வந்து நின்றாள்.
அவன் நோட்டை மேலிருந்து கீழே படித்தாள்,
வெப்பமானியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்,
ஒன்பதுக்கு அடுத்து,
எல்லாவற்றுக்கும் கடைசியில்,
தன் எட்டை வைத்தாள்.

இப்போது என்ன சொல்வீர்கள் டீச்சர் என்பது போல்
நிமிர்ந்து பார்த்தாள்.

வெளியே விடிந்துகொண்டிருந்தது.
நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.