எடுக்குதில்லை

கடை திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம்.
ஷட்டர் பாதி உயர்ந்து நிற்கிறது, அதன் கீழால்
காலி வீதியின் நூற்றியோராம் இலக்க பஸ்
வெறும் சில்லுகளாய்ப் போகிறது.

வங்கியிலிருந்து ஹிருணி வந்திருக்கிறாள்
மும்மொழியிலும் அடித்த ஒரு தாளோடு.
தமிழ்ப் பக்கத்தில் முதல் வரி:
"உங்கள் அட்டை நிராகரிக்கப்பட்டது."

நான் கை தூக்கினேன்.
பதினொரு வருசமாய் இந்தக் கவுண்டரில் நிற்கிறேன்,
இந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை.
எங்கள் வீட்டுக்கு அது
இரண்டு முறை தபாலில் வந்திருக்கிறது.
ஒன்று தூதரகத்திலிருந்து,
மற்றது அண்ணாவின் வழக்கு முடிந்த நாட்டிலிருந்து.
அதைக் கவுண்டரில் வைக்க வேண்டாம்.

அப்போ என்ன சொல்வீர்கள்?
"எடுக்குதில்லை."
யார் எடுக்கவில்லை?
மெஷின்தான். பழி அதற்கே போகட்டும்.
அதற்குப் பிள்ளைகள் இல்லை,
பக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்கும் சம்பந்தியும் இல்லை.

பிறகு இலக்கங்கள்.
54, திகதி முடிந்த கார்ட்.
91, வங்கி பதில் சொல்லவில்லை.
51, காசு போதாது.
"51ஐ வாயால் சொல்லக் கூடாது" என்றாள்.
செவ்வந்தி எழுதிக்கொண்டாள்.
மஸ்னவியா போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.
மாதத்தின் இருபத்தெட்டாம் திகதி அன்று.

நடித்தும் பார்த்தோம்.
வாசல் காவலாளி பியசோம வாடிக்கையாளர்,
கார்டுக்குப் பதில் தன் ரயில் சீசனை நீட்டினார்.
ஜெனோசன் மெஷினை உற்றுப் பார்த்து
"லைன் பிழைக்குது ஐயா, கடல் பக்கம் பிடிச்சால்
சிக்னல் வரும்" என்று ஜன்னலுக்கு ஓடினான்.
எல்லோரும் சிரித்தோம், பியசோம சிரிக்கவில்லை.
"சல்லி தியெனவா" என்றார் சத்தமாய்,
காசு இருக்குது, காசு இருக்குது என்று,
யாரும் கேட்காமலே.
அதற்குத் தாளில் பதில் இல்லை.
ஹிருணி தண்ணீர் குடித்தாள்.

வியாழன் பின்னேரம்
மாப்பிள்ளையின் தாய், பெண், பெண்ணின் தாய்.
அரக்குக் கூறை, ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.
மாப்பிள்ளையின் தாய் கார்டை நீட்டினாள்.
ஒரு முறை.
இன்னொரு முறை.

ஜெனோசன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.
"எடுக்குதில்லை அம்மா. காலமையிலயிருந்து இப்பிடித்தான்."
அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கவுண்டரில்
அதே வங்கியின், அதே நீல நிறக் கார்டை
டிக் என்று எடுத்தது மெஷின்.

எல்லோருக்கும் கேட்டது.
பெண் தன் செருப்பைப் பார்த்தாள்.
பெண்ணின் தாய்
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஒரு பிளவுஸ் துணியைக் காட்டி
இது பட்டோ, கலப்போ என்று என்னிடம் கேட்டாள்.
விலை கேட்கவில்லை.
நான் நூலிலிருந்து தொடங்கி,
சாயம், சலவை, இஸ்திரி என்று
மிக நீளமாய்ப் பதில் சொன்னேன்.
அவள் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றாள்.

மெஷின் துப்பிய துண்டை ஜெனோசன்
எழுத்து உள்ளே போகும்படி மடித்து
மாப்பிள்ளையின் தாயிடம்
இரண்டு கையாலும் கொடுத்தான்.
"எடுத்து வையுங்கோ தம்பி, வாறம்."

கவுண்டருக்குக் கீழே
மூன்று நாள்தான் வைக்கலாம் என்பது கடைச் சட்டம்.
இன்று ஆறு.
முதலாளி கேட்டால் சொல்வேன்,
கணக்கில் நான் கொஞ்சம் மெதுவு.