ஏழாம் வரிசை

கையேட்டில் ஏக்கருக்கு இரண்டு மூட்டை.
நான் போன ஊரில்
மூன்று வீட்டுக்கு ஒரு மூட்டை.
தன் பங்கில் பாதியை
பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு
விற்றிருந்தாள் நசிபெகோ.
கையேட்டை மிதிவண்டிப் பையிலேயே
விட்டுவிட்டு இறங்கினேன்.

கசுங்குக்குத் தெற்கே, டிசம்பர்.
முதல் மழை விழுந்தும் மண்ணில் சூடு ஆறவில்லை.
மக்காச்சோளம் கணுக்கால் உயரம்.
போன வருஷம் எப்படி உரம் போட்டீர்கள் என்றேன்.
கோழிக்கு இரை வீசுவதுபோல்
ஒருவர் வீசிக் காட்டினார்.
எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.
"களைக்கும் பசிக்குமல்லவா."

அளக்க ஏதாவது வேண்டும்.
தராசு இல்லை. கரண்டி வீட்டுக்கு ஒரு அளவு.
கைப்பிடி என்றால்
யார் கை?

அன்று சாயங்காலம் வைசனின் பீர்க்கடை வாசலில்
குனிந்து குனிந்து மூடி பொறுக்கினேன்.
அலுவலரம்மாவுக்கு என்ன ஆச்சு என்று
உள்ளிருந்து ஒரு குரல்.
வைசன் ஒன்றும் கேட்கவில்லை,
ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து கொட்டினான்.

மறுநாள் ஆளுக்கொரு மூடி.
சினெனானி தன்னுடையதை வெயிலில்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"பன்னிரண்டு வருஷமாக இதற்குக் காசு அழுகிறேன்.
ஒன்றாவது என் கைக்கு வந்தது இன்றைக்குத்தான்."
அவள் புருஷன்
தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

ஒரு செடிக்கு ஒரு மூடி.
தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி.
ஒட்டிப் போட்டால் வேர் கருகும்,
எட்டிப் போட்டால் களை தின்னும்.
மண்ணை இழுத்து மூடு, குதிகாலால் ஒரு மிதி.
மூடாவிட்டால் என்ன என்றார் வீசிக் காட்டியவர்.
ஈர மண்ணும் யூரியாவும் ஒரு பாட்டிலில் அடைத்து
இரண்டு நாள் வெயிலில் வைத்து
அவர் மூக்கடியில் திறந்தேன்.
கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.
உங்கள் காசு, என்றேன்.
காற்றில் கிளம்பிப் போகிறது.

அறுவடைக்குப் பின் தட்டையை எரிக்காதீர்கள் என்றதற்கு
எலியை யார் விரட்டுவது என்று சண்டைக்கு வந்தாள் ட்ரூடா.
அதற்கு என்னிடம் இன்னும் பதிலில்லை.

சும்மா நம்பச் சொல்ல எனக்கு வராது.
நசிபெகோவின் நிலத்தில்
ஏழாம் வரிசைக்கு மட்டும் எதுவும் போடாதீர்கள் என்றேன்.
உரமில்லை, எருவில்லை, ஒரு பிடி சாம்பலில்லை.
ஆறையும் எட்டையும் அதன் பக்கத்தில் பார்த்தால்
நான் வாய் திறக்கவே வேண்டாம்.
"அதுவும் பயிர்தானே" என்றாள் அவள்.
ஒரே ஒரு வரிசைதான் என்றேன்.
அவள் மேலே பேசவில்லை.

ஜனவரி, பசி மாதம்.
தவிட்டில் கஞ்சி காய்ச்சும் வாசனை
வீட்டுக்கு வீடு.
மேலதிகாரி கேமராவோடு வந்திருந்தார்.
ஆறாம் வரிசை கரும்பச்சை.
எட்டாம் வரிசை கரும்பச்சை.
ஏழும்.

யார் என்றேன்.
இருபத்தோரு பேரும் மேகத்தைப் பார்த்தார்கள்.
ஒருத்தி குழந்தையின்
சுத்தமான மூக்கை மறுபடி துடைத்தாள்.

குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
நாலு நாளாய் மழையில்லை.
ஒவ்வொரு தண்டுக்கும் நாலு விரல் தள்ளி
களிமண்ணில் காய்ந்து கிடந்தது
ஒரு குதிகால் தடம்.
ஒட்டியும் இல்லை, எட்டியும் இல்லை.
பெரிய கால், வெடித்த கால்,
பத்து வயதுக்கு மேல் இருக்க முடியாத ஒரு கால்.
இருட்டில் போட்டிருக்கிறார்கள்.
ஒரு செடி தப்பவில்லை.

கேமரா காத்திருந்தது.
படிவத்தில் ஒரு கட்டம்:
உரமிடாத வரிசை, உயரம், சென்டிமீட்டரில்.
பேனாவின் மூடியைக் கழற்றி
வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

வரிசைக் கோடியில்
கவிழ்ந்து கிடந்த பீர் மூடியை
எடுத்துத் துடைத்தேன்.
யாருடையது என்று கேட்கவில்லை.
வரப்பில் தெரியும்படி வைத்துவிட்டு
நகர்ந்தேன்.