மிச்சம் இல்லை

ஞாயிறு ஐந்தரைக்கே
கொழிஞ்சாம்பாறைப் பள்ளி மைதானத்தில்
சுண்ணாம்புத் தூளால் கடைக்கோடு போட்டோம்.
பதினான்கு கட்டம்.
வந்தது ஒன்பது வண்டி.

மைதானம் சாய்வு.
தராசின் அடியில் ஜமீலா
அட்டையை நாலாக மடித்து வைத்தாள்.
பிரகாசி மைக்கில்
ஒருமுறை மத்தங்ங என்றாள், ஒருமுறை பரங்கி.
விலை இரண்டு மொழியிலும் இறங்கியது.

எட்டு மணிப் பூசை விட்டதும் கூட்டம்.
பத்துக்குத் தூறல்;
கோடும் இல்லை, கூட்டமும் இல்லை.

இருபது கிலோ பீர்க்கங்காயோடு
கிட்டுச்சாமி,
சாக்கைச் சுருட்டவும் இல்லை, பேசவும் இல்லை.
அடுத்த வாரம் வருவீங்களா என்று
யாரும் கேட்கவில்லை.
ஆளுக்கொரு பையை விரித்தோம்.

புதன் வரை வீட்டில் பீர்க்கங்காய்தான்.
போனில் ஜமீலா பேசும்போது
பின்னால் அதே தாளிப்பு.

நோட்டில் எழுதியிருக்கிறேன்:
மிச்சம் இல்லை.