விளக்கம் தேவை

கொம்பனித்தெரு, நாலாம் மாடி.
யன்னலுக்கு வெளியே பேரே வாவியின் பச்சை நாற்றம்.
நான் மொழிபெயர்ப்பாளர், தரம் இரண்டு.
பத்து வருடமாய் இந்தக் கோப்பு
என் மேசைக்கு வருவதும் போவதும்.

மருதங்குளத்திலிருந்து ஒரு மனு:
வேலாயுதர் பூபாலரத்தினமும் நாற்பத்தொரு பேரும்.
கும்புக்வெவவிலிருந்து ஒரு மனு:
ஹேரத் முதியான்சலாகே சோமாவதி,
கீழே ஐம்பத்திரண்டு கையொப்பம், ஒன்பது கைநாட்டு.
கும்புக் என்றால் மருது. வெவ என்றால் குளம்.
இதை எந்த அடிக்குறிப்பில் எழுதுவதென்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டும் கேட்பது
மூவாயிரம் லீற்றர் பால் குளிரூட்டும் தாங்கி ஒன்று.
இரண்டும் சொல்வது
குளக்கட்டுக்கு இந்தப் பக்கம் வையுங்கள்,
அந்தப் பக்கம் வைத்தால் ஒரு போத்தல் பாலும் வராது.
ஏனென்று இரண்டிலும் ஒரு பந்தி உண்டு.
வெட்டுப்பட்ட மாடு, எரிந்த வைக்கோற்போர்.
ஆண்டு மட்டும் வேறு.

தாங்கி வந்துவிட்டது, அதுதான் வேடிக்கை.
ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில் நிற்கிறது.
கணக்கெடுப்புக்குப் போனபோது கண்டேன்,
பொலித்தீன் உரிக்காத வெள்ளி வயிறு.
காவலாளி அதன்மேல் சாரம் காயப்போட்டிருந்தான்.
தட்டிப் பார்த்தேன்.

காலையில் மோட்டார்சைக்கிளில் வரும் ஒருவன்
கட்டுக்கு இரு புறமும் அரை விலைக்கு வாங்குகிறானாம்,
இணைப்பு மூன்றில் இருக்கிறது.
மிச்சம்தான் வாய்க்காலுக்கு.
அவனுக்கு இரண்டு மொழியும் சரளம்,
என்னைப் போல.

இனி என் தவறு.
சோமாவதி எழுதுகிறாள்: அபி கிரி எலட்ட வக்கரனவா.
அபி. சிங்களத்தில் அதற்கு ஒரே சொல்.
தமிழில் இரண்டு கதவு.
நாங்கள் என்றால் நீ வெளியே.
நாம் என்றால் நீயும் உள்ளே.
பூபாலரத்தினம் நாங்கள் என்றுதான் எழுதியிருந்தார்,
நான்கு பக்கத்தில் முப்பத்தாறு தடவை, எண்ணினேன்.
அவரும் அதே வாய்க்காலில்தான் ஊற்றுகிறார்.

அன்று மழை. மின்சாரம் போய் வந்தது.
விரல் தானாய் அடித்தது:
நாம் பாலை வாய்க்காலில் ஊற்றுகிறோம்.
சரிபார்த்தேன்.
திருத்தவில்லை.
கையொப்பமிட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பிரதேச செயலகத்திலிருந்து
கோப்பு திரும்பியிருக்கிறது.
சிவப்பு மையில் கீழ்க்கோடு, ஓரத்தில் ஒரு வரி:
"நாம் என்பதில் அடங்குவோர் யாவர்? விளக்கம் தேவை."
பதினான்கு நாளுக்குள் பதில் போகவேண்டும்.
இன்று பன்னிரண்டு.

சுனேத்ரா நாலு மணித் தேநீர் கொண்டுவருகிறாள்.
மாப்பைக்கற்று விலை மறுபடி ஏறிவிட்டதாம்.
மருதங்குளத்துக் கடையிலும் கும்புக்வெவக் கடையிலும்
தொங்குவது இதே பைக்கற்றுத்தான்,
கடல் தாண்டி வந்த ஏதோ ஒரு நாட்டு மாட்டின் படத்தோடு.
மா கரையாமல் கட்டிகட்டியாய் மிதக்கிறது.
கரண்டியின் பின்புறத்தால்
ஒவ்வொன்றாய் நசுக்குகிறேன்.