தோள்மட்டம்

பெர்ஸெயாக் மாளிகையில் இன்று
தக்கை மாற்றும் நாள்.
வெளியே ஜிரோந்து, பால் கூடிப்போன காப்பி நிறத்தில்,
கடலுக்குப் போக அவசரமில்லாமல் கிடக்கிறது.
உள்ளே நான்கு மேசை, வெள்ளைத் துணி,
என் காலடியில் எச்சில் வாளி.

முப்பது வருடம் படுத்துக்கிடந்தால்
புட்டிக்குள் ஒயின் தானாகக் குறையும்.
யாரும் குடித்ததில்லை.
கழுத்தளவு நின்றால் கவலையில்லை.
தோளுக்கு இறங்கிவிட்டால்
எங்களிடம் தூக்கி வருவார்கள்,
கம்பளி சுற்றி,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.

திறப்பேன். ஒரு மிடறு. துப்புவேன்.
தேறியது, தேறாதது:
என் ஏட்டில் இரண்டே பத்திகள்.
தேறினால் நிரப்பிப் புதுத் தக்கை,
அதில் இரண்டு ஆண்டுகள்:
பிறந்தது, பிழைத்தது.
தேறாததற்கும் தக்கை உண்டு.
மொட்டையாக.

நிரப்புவதற்கு ஒரு விதி.
எண்பத்தாறின் குறையை
எண்பத்தாறுதான் தீர்க்க வேண்டும்.
எங்கள் நிலவறையில் அந்த ஆண்டு தீர்ந்துபோய் வெகுநாள்.
ஆகவே கொண்டுவந்தவர்
தன் புட்டிகளில் ஒன்றைக் காவு கொடுக்க வேண்டும்.

பத்து மணிக்கு ரெஜிஸ் தார்த்திக் வந்தார்.
லியோனிலிருந்து, ராத்திரி முழுக்கக் கார் ஓட்டி.
ஆறு புட்டி. அரைப் பெட்டி.
உண்மையாகவே அரை:
பன்னிரண்டு கொள்ளும் மரப்பெட்டியை
நடுவில் ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.
பலகையில் சுட்ட பெயரில் 'பெர்' மட்டும் இருந்தது.
நான் கேட்கவில்லை.
பதினொன்றரைக்கு
'யாக்' வந்தது.

ஸொலான்ஜ், மழைக்கோட்டைக் கழற்றாமல்,
அடுத்த மேசையில் தன் பாதியை வைத்தாள்.
இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள்,
ஒரே பல் மருத்துவரிடம் காத்திருப்பவர்கள் போல.

அவளுடையது ஆறும் கழுத்தில் நின்றது.
லிபூர்ன் வீட்டின் ஈர நிலவறை.
அவருடையது ஆறும் தோளுக்குக் கீழே.
"கொதிகலன் அறை," என்றார், என்னைப் பார்க்காமல்.
முதல் புட்டி காடி.
மூக்கருகே கொண்டுபோகவே தேவையில்லை.
மற்ற ஐந்தும் நன்று:
பென்சில் சீவல், சுருட்டுப் பெட்டி,
மழை நின்றதும் இரும்புக் கதவில் எழும் வாசம்.

"ஐந்தில் ஒன்றைத் திறந்தால் நான்கு நிறையும்."
அவர் விரல்விட்டு எண்ணினார்.
நான்குக்கு எதற்கு விரல் என்று தோன்றியது எனக்கு.

"என்னுடையதில் எடுங்கள்," என்றாள் அவள்.
"வேண்டாம். தீர்ப்பில் ஆளுக்கு ஆறு என்றுதான் இருக்கிறது."
"சும்மா தரவில்லை, ரெஜிஸ். இன்றைய சந்தை விலை."
அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.
காசோலையை என் மேசையில் வைத்தே எழுதினார்,
அவள் பெயரில் கை கொஞ்சம் நின்றது:
பழைய குடும்பப் பெயரா, புதியதா?
அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

ஊற்றினேன்.
ஒவ்வொரு புட்டியிலும் இரண்டு விரற்கடை.
பஸ்தியான் குழாய் பிடித்து வாயுவை ஊத,
தக்கை இறங்கியது. முத்திரை. அடுத்தது.
இனி எந்த நாக்காலும் பிரிக்க முடியாது,
எந்த வழக்கறிஞராலும்:
அவர் ஐந்திலும் அவள் நிலவறையின் ஈரம் இருக்கிறது.
இதை நான் சொல்லவில்லை.
சொல்வது என் வேலை இல்லை.

உணவு வேளையில் பஸ்தியான் விளையாட்டாக
இரண்டு அரைப் பெட்டிகளையும் சேர்த்து நெருக்கினான்.
ஒட்டவில்லை.
நடுவில் ஓர் எழுத்தை ரம்பம் தின்றிருந்தது.

அவர்கள் போன பிறகு பார்த்தேன்,
காவு கொடுத்த புட்டியில் பாதி மிச்சம்.
"நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவரும்,
"அவருக்குக் கொடுங்கள்" என்று அவளும்
தனித்தனியாக என்னிடம் சொல்லிவிட்டுப் போன பாதி.

ஏட்டில் அதற்குப் பத்தி இல்லை.
தம்ளரில் ஊற்றினேன்.
வாளி காலடியிலேயே இருந்தது.
அன்றைக்கு முதல்முறையாக
விழுங்கினேன்.