கால் நீட்ட இடம்

எண்ணூர் நெடுஞ்சாலையில்
நூக்கராஜுவின் எடைமேடைக் கணினிக்கு
நான்கு ஜிபி நினைவகம்.
மேல்பாதியை உப்புக்காற்று தின்றுவிட்டது.
புதுசு வாங்கித் தருகிறேன் என்பார்,
வாங்கமாட்டார்.
அதனால் போன ஆடியில்
தொடக்க வரியோடு ஒன்று சேர்த்தெழுதினேன்:
இரண்டு ஜிபி வரைதான் உன் இடம்,
அதற்கப்பால் உலகமே இல்லை.

சில நாள் எழுந்தது.
சில நாள் கறுப்புத் திரையில்
ஒரு கோடு மட்டும் சிமிட்டிச் சிமிட்டி நின்றது.
அணைத்துப் போட்டால் பூவா தலையா.
வெளியே கன்டெய்னர் லாரிகள்
சுங்கச்சாவடி வரைக்கும் வால் நீட்டின.
"இன்னாம்மா பியூலா,
எடை போடுமா போடாதா, சொல்லு,
நான் தூங்கவாவது போறேன்"
என்றார் மொய்தீன் பிச்சை, கதவில் தட்டியபடி.

பதினோரு நாள் ஆயிற்று எனக்குப் புரிய.

கர்னல் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும்
சீட்டுக் குலுக்கி ஓரிடத்தில் உட்காரும்.
நேற்றிருந்த முகவரியில் இன்று இருக்காது.
தேடி வருகிறவன் கதவைத் தட்டினால்
உள்ளே வெறும் சுவர்.

எனக்கிது புதிதில்லை.
மீட்டர் வட்டிக்காரன் தேடிய வருஷம்
என் அண்ணன் எபிநேசர்
திங்கட்கிழமை கொருக்குப்பேட்டை,
செவ்வாய் மணலியில் யாரோ ஒருவன் மொட்டைமாடி,
புதன் எங்கே என்று எங்களுக்கே தெரியாது.
தெரியாததால் நாங்கள்
ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவன்
தூண்டில் வளைவுக் கற்களைத் தாண்டிப் போய்ப்
படுத்துக்கொண்டான்.
யாரும் தேடாத இடம்தான், சந்தேகமில்லை.
கடலுடைய இடம் என்பதை மட்டும்
அவன் கணக்கில் எடுக்கவில்லை.
விழித்தபோது மார்பளவு தண்ணீர்.

கர்னலும் அதைத்தான் செய்தது.
முதலில் குலுக்கல்,
பிறகுதான் என் வரியைப் படிப்பது.
செத்த பாதியில் பாய் விரித்துவிட்டு
வரம்பைப் பார்த்தால் என்ன,
பார்க்கவே கண் திறக்கவில்லை.

மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை.
முதலில் வரியைப் படி.
வரம்புக்கு மேலே உள்ள சீட்டுகளை
குடத்தில் போடாதே.
அப்படியும் ஒருமுறை விழுந்தது.
விடியற்காலை மூன்று மணிக்கு
வீட்டுவசதி வாரிய அறையில்
ஐந்து பேருக்கு நடுவே படுக்கப் போனபோது
பீரோவில் தலை இடித்துத்தான் விளங்கிற்று:
பாயின் கால்மாடு உள்ளே இருந்தால் போதாது,
தலைமாடும் உள்ளே அடங்கவேண்டும்.
வரம்பிலிருந்து உடம்பின் நீளத்தைக் கழி,
மிச்சத்தில் குலுக்கு.

கழித்தபின் மிச்சமே இல்லையென்றால்?
குலுக்காதே.
வழக்கமான இடத்திலேயே உட்கார்.
பிடிபட்டால் பிடிபடு.
இந்தக் கடைசி வரியை எழுதக்
கை கொஞ்சம் தயங்கியது.
அந்த வெள்ளிக்கிழமை காலை எபிநேசர்
உப்பு சொட்டச் சொட்ட வீடு வந்தான்.
வாசலில் வட்டிக்காரன்,
அம்மா கொடுத்த டீயோடு.
அண்ணன் ஒன்றும் பேசவில்லை.
தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில்
எப்போதும் உட்காருமிடத்தில் போய்
உட்கார்ந்தான்.

நாற்பது முறை அணைத்துப் போட்டேன்.
எடைச்சீட்டின் முதுகில் நாற்பது கோடு.
நாற்பதிலும் முகவரி வேறு வேறு,
ஒன்றுகூட இரண்டு ஜிபியைத் தாண்டவில்லை.
நூக்கராஜு கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு
"அப்ப புது மெமரி வேணாமில்ல?" என்றார்.

வெளியே வந்தேன்.
மொய்தீன் பிச்சை வண்டியை ஏற்றுமுன்
சும்மா மேடையில் ஏறி நின்றேன்.
இருபது இருபது கிலோவாகத்தான்
இது எண்ணும்.
அறுபது என்றது.
மேலே சொச்சம் இருந்தது,
அதை நான் சொல்லவில்லை.